ஓட்டைப் பை

பத்திரத்தில் இருந்தவை: இரண்டு படுக்கையறை, ஒரு கொதிகலன்,
பின்னால் பன்னிரண்டடிக்கு முப்பதடி தோட்டம்.
வீட்டை விற்றுப்போன மிஸஸ் என்ட்விசில்
மண்ணுக்குள் விட்டுவைத்ததை
மே மாதம்தான் வந்து சொன்னது.

முதலில் தரையோடு ஒரு நீல மூட்டம்.
‘மறக்காதே’ என்று அதன் பெயராம்.
மறக்க விட்டால்தானே.
பிறகு அக்விலீஜியா, பாவாடை மேல் பாவாடை உடுத்தி.
பிறகு சமையலறை ஜன்னலை எட்டிப் பார்த்தபடி ஃபாக்ஸ்குளோவ்.
கடைசியில் பாப்பி:
சாம்பல் பூசிய இலை, கசங்கிய ஊதா,
மூன்றாம் நாள் இதழ் உதிர்ந்தால்
ஒரு மொட்டைத் தலை, அதற்கொரு கிரீடம்,
கிரீடத்தின் கீழே வரிசையாய்ச் சின்னச் சாளரங்கள்.
ஒன்றை உடைத்து உள்ளங்கையில் கொட்டினேன்.
கசகசா.
குருமாவுக்கு ஊறவைக்கும் அதே கசகசா.

லங்காஸ்டரில் காற்று எப்போதும் மேற்கிலிருந்து.
கிழக்கே கிளைவ் ஆர்மராடின் வீடு.
அவர் தோட்டம் முழுக்கச் சரளைக்கல்,
காலையில் சவரம் செய்த கன்னம் மாதிரி.
இரண்டாம் வருடம் ஏப்ரலில்
என் வாசற்படியில் ஒரு வாளி இருந்தது.
வாளி நிறைய நாற்று, வேரோடு.
மண்ணைக் கழுவியே வைத்திருந்தார்.
குறிப்பு எதுவும் இல்லை.
வாளியைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன்.
அதுதான் எங்கள் முதல் பேச்சுவார்த்தை.

அதன்பின் எனக்கு நானே சட்டம் போட்டேன்.
மறக்காதேயை நீலம் வெளுக்கும் முன் பிடுங்கு.
ஃபாக்ஸ்குளோவில் இரண்டு போதும்,
ஜன்னலுக்கு ஒன்று, தேனீக்கு ஒன்று.
அக்விலீஜியாவில் வெள்ளை மட்டும் இருக்கட்டும்
(இதில் தோற்றேன். வெள்ளைக்குப் பிறந்ததெல்லாம்
வாடிய கத்தரிக்காய் நிறம்).
பாப்பித் தலையைச் சத்தம் கேட்கும் முன் அறு.

முளையிலேயே கிள்ளு என்கிறார்கள்.
கிள்ளிப் பார்த்தவர் சொன்னதா அது?
இரண்டிலை விடும் வயதில்
களைக்கும் பூவுக்கும் ஒரே முகம்.
முழங்காலிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
மூக்கு மண்ணில் படக் கேட்கவேண்டியிருக்கிறது:
நீ யாரு?

போன ஆகஸ்டில் தாமதித்துவிட்டேன்.
ஆறு நாள் தொடர்ந்து இரவு வேலை.
ஏழாம் நாள் தலைகள் கிலுகிலுத்தன.
ரொட்டிக்கடைக் காகிதப் பையில்
ஒவ்வொன்றாய்க் கவிழ்த்து வெட்டினேன்.
உரக்குழி வேண்டாம், அங்கே போட்டால் சாகாது.
வியாழக்கிழமை வண்டிக்கு முன்
குப்பைத்தொட்டியில் சேர்த்துவிடலாம் என்று
பின்கதவிலிருந்து பக்கவழியாய் நடந்தேன்.

வாயிலருகே கிளைவ்.
தொட்டியை உருட்டி நிறுத்தியவர்
உள்ளே போகவில்லை.
நோரீனுக்குப் பரிசோதனை முடிவு வந்துவிட்டதாம்.
கல்லீரல் வரைக்கும், என்றார்.
நீங்கள் மருத்துவமனையில்தானே வேலை, என்றார்.
அங்கே நான் சாப்பாட்டு வண்டி தள்ளுகிறவள்
என்று சொல்லவில்லை.
நின்றேன்.
பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினேன்.
அவர் சரளையைக் காலால் நிரவினார், நிரவியதையே மறுபடி.
குப்பை வண்டி அடுத்த தெருவுக்கு வந்துவிட்டது.
இன்னும் கொஞ்சம் நின்றேன்.

இப்போது ஜூன்.
பின்கதவிலிருந்து ஒற்றைக் கோடாய்ப் பாப்பி,
நான் நடந்த வேகத்துக்கு இடைவெளி விட்டு.
குழாயடியில் வளைகிறது,
மகனின் சைக்கிள் கிடந்த இடத்தைச் சுற்றிப் போகிறது.
வாயிலருகே வந்ததும் ஒரு வட்டம்.
எள் போட்டால் எள் விழாது என்பார்களே,
அங்கே கசகசா போட்டால் கசகசா விழாது.
பையின் அடியில் ஓட்டை இருந்திருக்கிறது.

வட்டத்தில் பாதி அவர் சரளையில்.
வாளி அவரிடம்தான் இருக்கிறது.
நேற்றுக் காலை நோரீனைக் காருக்குக் கூட்டிப்போனவர்
அந்த இடம் வந்ததும்
அவள் கைத்தடிக்கு வழி பார்த்து
இருவருமாய்ச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

சட்டப்படி இதையெல்லாம் ஆகஸ்டுக்குள் அறுக்கவேண்டும்.
கத்தரிக்கோலுக்கு எண்ணெய் போட்டுவிட்டேன்.
பைதான் இன்னும் மாற்றவில்லை.