பொதுமக்கள் இதற்கு மேல்

விடிகாலை நாலேகாலுக்குப் பாலத்தில்
என் முகத்தைச் சரிபார்க்கிறது ஒரு கேமரா.
ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கு.
நேராகப் பார்.
போ.
ஆறரைக்கு, செம்பவாங்கில், மூன்றாம் வாயிலில்
நான்தான் அந்தக் கேமரா.

நீல அட்டை தானாகப் போகலாம்.
மஞ்சள் அட்டை, துணைக்கு நீலம் வந்தால் போகலாம்.
அட்டையே இல்லாதவர்
வெயிலில் எவ்வளவு நேரமும் நிற்கலாம்,
அதற்குத் தடை எழுதப்படவில்லை.

கைப்பேசி ஒவ்வொன்றின் கண்ணிலும்
சிவப்பு வில்லை ஒட்டுகிறேன்.
ஒரு சுருளில் ஆயிரம்.
மாசாயில் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால்
முழங்கையில் ஒன்று,
மகளின் புத்தகத்தில் ஒன்று.
"இதுக்குள்ள என்னம்மா ரகசியம்?"
பின்னக் கணக்கு, என்கிறேன்.

ஒருநாள் வேலியோரம் ஒரு சீனக் கிழவர்.
ஆள் வெளியே, தூண்டில் மிதவை உள்ளே.
கையேட்டில் ஆளுக்கு விதி உண்டு, வாகனத்துக்கு உண்டு,
ஆளில்லா விமானத்துக்குப் போன மாதம் சேர்த்தார்கள்.
மிதவைக்கு இல்லை.
வாக்கி-டாக்கியில் கேட்டேன்.
இருபது நிமிடம் கழித்து சார்ஜன்ட் ரோஸ்லி சொன்னார்:
நூலைச் சுருட்டச் சொல்,
மீன் கிடைத்திருந்தால் அவருக்கே.

அப்புறம் அந்தச் சனிக்கிழமை.
வருகிறவர் எல்லாருக்கும் வாயிலை அகலத் திறந்தோம்.
ரயில் நிலையத்திலிருந்து இலவசப் பேருந்து,
பலூன், மைலோ வண்டி,
பீரங்கி மேல் பிள்ளையை உட்கார வைக்கப் பார்த்த அப்பாக்கள்.
வரிசையில் சூசைமாணிக்கம்.

நாலு வருடம் இதே வாயிலில்
மஞ்சள் அட்டையோடு போய் வந்தவர்.
வலது மணிக்கட்டில் வெல்டிங் பொறித் தழும்புகள்,
கடுகு தாளித்ததுபோல.
ஒப்பந்தம் முடிந்த இரவு
பதினொன்று ஐம்பத்தொன்பதுக்கு அவர் அட்டை செத்தது.
இப்போது துவாஸில் வேறு கம்பெனி.
இன்று இஸ்திரி போட்ட சட்டை,
விடுதியிலிருந்து இரண்டு நண்பர்கள்,
பையில் தண்ணீர் போத்தல், அதையும் திறந்து பார்த்தேன்.

பழக்க தோஷம்,
கைப்பேசியைக் கவிழ்த்து
என் முன் நீட்டினார், வில்லைக்கு.
"இன்னிக்கு வேணாம்ணே. படம் எடுக்கலாம்."
சற்று நேரம் அதை எப்படிப் பிடிப்பது என்று
தெரியாதவர்போல் நின்றார்.

மதியம் என்னைக் கப்பல் பக்கம் மாற்றினார்கள்.
மஞ்சள் கோட்டருகே அவர் மறுபடி,
தொண்டியில் மனைவி திரையில்.
"அந்தா, அதான்."
"எதுங்க?"
"அந்த ஏணிக்குப் பின்னாடி, கீழ, பதினோரு மீட்டர்.
அத்தனையும் நான் பத்தவச்சது."
"ஏணிதாங்க தெரியுது."

பலகையில் நாலு மொழி.
நம் மொழி நாலாவது:
பொதுமக்கள் இதற்கு மேல் செல்லகூடாது.
க் ஒன்று விடுபட்டிருக்கிறது, யாரும் கேட்கவில்லை.

என் சட்டையிலிருந்த பெயரைப் படித்தார்.
"யோகவதி தங்கச்சி, அஞ்சடிதான்."
"முடியாதுண்ணே."
கோபப்படுவார் என்று நினைத்தேன்.
"ஆமா, முடியாது," என்றார்,
யாரோ அவரிடம் கேட்டு
அவரே மறுத்ததுபோல.
பிறகு திரையைப் பார்த்து,
"பெயின்ட் அடிச்சிட்டாங்க. இனி தெரியாது."

மாலை கணக்கு முடித்தோம்.
உள்ளே ஆறாயிரத்து இருநூற்றுப் பதினான்கு,
வெளியே ஆறாயிரத்து இருநூற்றுப் பதின்மூன்று.
அரைமணி நேரம் தேடி
கழிப்பறையில் உறங்கிய பையனைக் கண்டெடுத்தோம்.

கடைசி ரோந்தில் படிப்பாலத்தின் அடிவரை நடந்தேன்.
என் நீல அட்டையும் அதுவரைதான்.
டார்ச்சை அடித்தேன்.
சாம்பல். மேலும் சாம்பல்.
எங்கே ஒரு தகடு முடிந்து
இன்னொன்று தொடங்குகிறது என்று
கடைசிவரை பிடிபடவில்லை.
நல்ல வேலை, அப்படித்தான் இருக்கும்.
பதிவேட்டில் 'குறிப்பு' என்ற கட்டத்தில்
இல்லை என்று எழுதினேன்.

நள்ளிரவில் பாலத்தில்
கேமரா என்னை ஏற்கவில்லை.
மறுபடி பார், என்றது.
பின்னால் ஹார்ன் மேல் ஹார்ன்.
என் புருவத்துக்கு மேல் ஒரு சிவப்பு வில்லை,
எப்போது ஒட்டியதோ.
உரித்து பெட்ரோல் டாங்கில் ஒட்டினேன்.
இன்னும் அங்கேதான் இருக்கிறது,
ஓரம் மட்டும் மழையில் சுருண்டு.