கொடுக்காத மெத்தை

சோஹார் துறைமுகம். ஜூலை. இரவு இரண்டே கால்.
வெளியே காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும்.
உள்ளே பதினெட்டு டிகிரி.
வளைகுடாவில் குளிரில் நடுங்குகிறேன் என்றால்
ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

மூன்றாவது முறையாகச் சர்வர் விழுந்தது.
கப்பலுக்கும் கரைக்கும் நடுவே
ஒரு கன்டெய்னர் அந்தரத்தில் நிற்கிறது.
ஹமூத் அல் பலூஷி போனில் கேட்கிறார்:
எதனால்?

ஒன்பதாவது டிஸ்க்கால்.
கெட்டுப்போனதில்லை அது,
பாதி மட்டும் வந்தது.
மின்சாரத்தை வாங்கிக்கொண்டது.
கெர்னல் கூப்பிட்டதும் இருக்கிறேன் என்றது.
பெயரைச் சொன்னது.
கொள்ளளவு எவ்வளவு என்றதற்கு
பதிலே இல்லை.

நாங்களோ பெயர் கிடைத்ததுமே
பட்டியலில் ஏற்றிவிட்டோம்.
பட்டியலில் இருப்பவனை
யாரும் வேலைக்குக் கூப்பிடலாம்.
கூப்பிட்டார்கள்: படி.
படிக்க ஒரு வரிசை வேண்டும்.
வரிசை இருக்கவேண்டிய இடத்தில்
பூஜ்யம்.
பூஜ்யத்தின் கதவைத் தட்டினால்
வீடு மொத்தமும் இடியும்,
கெர்னலில் அப்படித்தான்.

முதல் திருத்தம் சுலபம்:
எல்லாப் பதிலும் வரும்வரை பட்டியலில் ஏற்றாதே.
எழுதினேன். ஓட்டினேன்.
மறுபடி விழுந்தது.

இந்த முறை போகிற வழியில்.
முப்பது விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டு
இது தேறாது என்று
வெளியேற்றக் கிளம்பியது கெர்னல்.
வெளியேற்றும் பகுதி நான் எழுதியது, போன ரம்ஜானில்,
எல்லாம் கொடுத்தாகிவிட்டது என்ற நினைப்பில்.
வரிசையைத் திருப்பிக் கொடு.
நினைவகத்தைத் திருப்பிக் கொடு.
கடிகாரத்தை நிறுத்து.
ஓடவே தொடங்காத கடிகாரம்.

பிச்சைமணி.

எட்டு வருஷத்துக்கு முன்பு,
நான் கேபிள் இழுத்துக்கொண்டிருந்த நாட்களில் வந்தவன்.
விசா வந்தது. டிக்கெட் வந்தது.
மெடிக்கலில், நெஞ்சு எக்ஸ்ரேயில், ஒரு பழைய வடு.
கார்டு வரவில்லை.
கார்டு இல்லாததால் சிம் இல்லை,
சம்பளக் கணக்கு இல்லை, வேலையும் இல்லை.
பத்தொன்பது நாள் கேம்ப்பில் என் கட்டிலோரம்
ஏசி வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டுப் படுத்தான்.
இருபதாம் நாள் அனுப்பினார்கள்.

கணக்குத் தீர்க்க அச்சடித்த தாள், எல்லோருக்கும் ஒரே தாள்:
ஹெல்மெட் ஒன்று. ஷூ ஒரு ஜோடி. மெத்தை ஒன்று.
மெத்தை எங்கே என்றார் ஸ்டோர்கீப்பர்.
தரலையே சார்.
தாள்ல இருக்கே.

பதினொரு ரியால்.
வராத சம்பளத்தில் பிடிக்க வழியில்லாமல்
விமானத்துக்கு மூன்று மணி நேரம் இருக்கும்போது
பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.
நாங்கள் நாலு பேர் போட்டுக் கட்டினோம்.
ரசீது கொடுத்தார், அதையும் சொல்லவேண்டும்.

தாளைக் கிழிப்பது போல
அந்தப் பகுதியை முழுதாக அழித்தேன்.
கொடுக்கும்போதே குறித்துக்கொள்.
கொடுத்ததை மட்டும் கேள்.
கடைசியாகக் கொடுத்ததை முதலில் வாங்கு.
யாராவது இன்னும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தால்
அவர்கள் விடும்வரை
பெயரை அழிக்காதே.

நாலு பத்துக்கு எழுந்தது சர்வர்.
ஒன்பது வந்தது, பெயர் சொன்னது, திக்கியது,
போனது.
பதிவேட்டில் ஒரே வரி: தயாராகவில்லை.
மற்ற இருபத்து மூன்றும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
கன்டெய்னர் இறங்குகிற சத்தம் கேட்டது,
அல்லது கேட்டதாக நினைத்துக்கொண்டேன்.

திருத்தத்தின் மேலே குறிப்பு எழுதவேண்டும், அது விதி.
எழுதினேன்:
மெத்தை கொடுத்தோமா என்று முதலில் பார்.

காலையில் சரிபார்க்க வரும் நஸ்ரீன் கராச்சிக்காரி.
கட்டாயம் கேட்பாள்,
மெத்தை என்பது எந்த ரெஜிஸ்டர் என்று.