வருகைக் குறிப்பு

செக்காலை ரோட்டில் பெயின்ட் கடைக்கு மேலே
ஞாயிறு பத்து மணிக்கு
மின்விசிறியையும் நிறுத்திவிட்டு உட்கார்வோம்.
போதகர் இல்லை, பாட்டு இல்லை.
யாருக்குள்ளாவது சொல் எழும்பினால்
எழுந்து சொல்லலாம்.
எழும்பாவிட்டால் பதினொன்றுக்குக்
கைகுலுக்கிக் கலைவோம்.
குவேக்கர் என்று சொன்னால்
ஓட்ஸ் கம்பெனியா என்று கேட்கிறார் வீட்டுக்காரர்.
ஒன்பது பேர். வாடகை பாக்கியில்லை.

சித்திரையில் ஒரு ஞாயிறு அடைக்கலம் எழுந்தார்,
பதினோரு வருடத்தில் முதல் தடவை.
"இங்க ஒண்ணும் இல்ல" என்றார்.
பிறகு உட்காரவில்லை.
வயிரவனின் செருப்பை மாட்டிக்கொண்டு
படியிறங்கிப் போய்விட்டார்.

யாராவது போய்ப் பார்க்க வேண்டும்.
பாக்கியசீலி நோட்டைத் திறந்து
என் பெயரை எழுதினாள்.
விசாரிப்பு இந்த வருடம் என் முறை.
அவளிடம் நான் சொல்லவில்லை:
போன ஆடியிலிருந்து அந்த ஒரு மணி நேரமும்
திரைச்சீலை வளையங்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
இருபத்து மூன்று.
ஒன்று உடைந்தது.

புதுவயல் பஸ்ஸில்
மடியில் துணிப்பை, பைக்குள் அவர் செருப்பு.
செருப்பு மாற்ற வந்தேன் என்று தொடங்கலாம்.
அதற்குப் பிறகு
"உங்களை ஒளியில் ஏந்தியிருக்கிறோம்."
கண்டனூர் தாண்டுவதற்குள்
நாலு முறை சொல்லிப் பார்த்தேன்.
நாலாவது முறை
இன்சூரன்ஸ்காரி குரல் மாதிரி இருந்தது.

அவித்த நெல்லின் வாடை
ஊருக்கு முன்னால் வந்து நின்றது.
மில்லுக்குள் அடைக்கலம்,
புருவமெல்லாம் தவிடு.
ஒளியில் ஏந்தியதைச் சொன்னேன்.
காதைக் காட்டினார். கத்தச் சொன்னார்.
கத்திச் சொன்னேன்.
களத்தைக் காட்டினார், நெல் காய்கிறது,
"வெயில் போதும் டீச்சர்!"

அப்புறம் என்ன வந்ததோ தெரியவில்லை.
மெஷின் சத்தம் தந்த தைரியம்தான்,
மௌனத்தில் எனக்கு அது வந்ததில்லை.
தொண்டை கிழியக் கத்தினேன்:
"எனக்கும் ஒண்ணும் இல்ல!
ஒரு வருஷமா
ஒண்ணுமே இல்ல!"

அந்த இரண்டாவது "இல்ல"வில்
கரண்ட் போனது.

பெல்ட் ஓய்ந்து நின்றது.
மூட்டை தூக்குகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.
குருணை புடைத்துக்கொண்டிருந்தவள்
முறத்தை நிறுத்தினாள்.
என் சொல் மட்டும் தூசியோடு
தகரக் கூரையடியில் தொங்கியது.

அடைக்கலம் சிரிக்கவில்லை.
சாக்கு ஒன்றை மடித்துப் போட்டு
உட்காரச் சொன்னார்.
"இப்ப உங்களுக்கு நின்னுபோச்சா?" என்றார்.
"எனக்கு ஓடுது.
முப்பது வருஷமா ராத்திரியும் ஓடுது.
நீங்கள்லாம் மௌனம் மௌனம்கிறீங்க,
அது எப்படி இருக்கும்னு
பக்கத்துல உக்காந்து
உங்க மூஞ்சியெல்லாம் பாத்துட்டே இருந்தேன்.
உங்க மூஞ்சியத்தான் ரொம்ப நம்பினேன்."

இதற்குப் பதில்
எங்கள் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை.
இருந்திருந்தாலும்
படித்துக் காட்டியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

கரண்ட் வர நாற்பது நிமிடம் ஆனது.
பேசவில்லை.
ஒரு தடவை அவர் காதுக்குள் ஓடுவதை
கட்டை விரலால் பெஞ்சில் தட்டிக் காட்டினார்:
டக், டடக், டக்.
நானும் தட்டினேன்.
இரண்டு இடத்தில் தப்பினேன், திருத்தினார்.
யாரோ டீ வாங்கி வந்தார்கள்.
சர்க்கரை அதிகம்.

விளக்கு எரிந்ததும் எழுந்தார்.
உள்ளங்கையை வேட்டியில் துடைத்து
நீட்டினார்.
எங்கள் வழக்கம் அதுதான்,
மணி பதினொன்று ஆனால்.
அப்போது மணி நாலரை.

பாக்கியசீலியின் நோட்டில்
வருகைக் குறிப்பு என்ற தலைப்பின் கீழ்
இரண்டு வரி விட்டிருக்கிறாள்.
"போனேன். டீ குடித்தோம்" என்று எழுதினேன்.
அது போதாது என்று அவள் பார்த்த பார்வை.
அடித்துவிட்டு எழுதினேன்:
"கரண்ட் இல்லை."

திரும்பும் பஸ்ஸில் அரை வழியில்தான்
மடியில் கனம் உறைத்தது.
பைக்குள் அடைக்கலத்தின் செருப்பு
அப்படியே இருந்தது.
வயிரவன் இன்னொரு வாரம்
ரப்பர் செருப்பில் வரட்டும்.