ஹெர்விக் ஸ்டிர்னரின் கொழுப்பு

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, செவ்வாய்க்கிழமை,
ஏழாம் எண் டிராமை வேறொருவர் ஓட்டுவார்.
ஹெர்விக் ஸ்டிர்னர் எங்கள் மாடியில் படுத்திருப்பார்,
இரு கையிலும் ஊசி, மார்பின் மேல் மடித்த செய்தித்தாள்.
அவர் ரத்தம் வெளியே போய்
கொழுப்பை இறக்கிவிட்டு வீடு திரும்பும்.

அப்பா நாற்பத்தொன்றில் போனார், அண்ணன் முப்பத்தெட்டில்.
"எங்களுக்குள் சண்டையில்லாமல் பாகம் பிரித்த சொத்து" என்பார்.

உருண்டை ஒழுங்காகத்தான் வருகிறது;
முகவரிச்சீட்டு போல ஒரே ஒரு புரதம்
அதைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.
ஈரலில்தான் பாதிக் கதவுகள் இல்லை.
தட்ட இடமில்லாமல்
தெருவிலேயே சுற்றிச் சுற்றிச்
சுவரோரம் படிந்துவிடுகிறது.

கொட்டப்போகும் பையை ஒருநாள் கேட்டேன்.
"அதையா? எதற்கு?"
"புற்றுக்கட்டிக்குத் தீனி."
கையெழுத்துப் போட்டுவிட்டு
விளையாட்டுப் பக்கத்துக்குத் திரும்பினார்.

ராத்திரி முழுக்கச் சுழன்ற குழாயில்
காலையில் ஒரு வளையம்.
எங்கள் ஊர்ப் பூசணிவிதை எண்ணெய்போல்
பச்சையாக இருக்கும் என்று ஏனோ நினைத்திருந்தேன்.
பழைய பியானோக் கட்டையின் மஞ்சள்.
உறிஞ்சி எடுத்து, உள்ளிருந்த கொழுப்பை வழித்து,
ஒளி பட்டால் விழித்துக்கொள்ளும் சாயத்தை வைத்தேன்.
மேல்தோலைத் தொடவில்லை.
அது அவருடையது.

புற்றுக்குப் பசி.
ஓயாமல் பிரிகிற செல்லுக்குச் சுவர் கட்டக் கொழுப்பு வேண்டும்;
சுற்றிலும் கதவு வைத்து, எல்லாவற்றையும் திறந்துபோட்டுக்
கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது.
ஹெர்விக்குக் கிடைக்காத கதவுகள்
அத்தனையும் இங்கே.

பதினான்காம் எலி. மறுநாள், இருட்டறை.
திரையில், விலாவோரம், பட்டாணி அளவு சிவப்பு.
ஈரலும் ஒளிர்ந்தது, நாங்கள் விரும்பியதைவிட அதிகமாக.
மிர்யாம் அதைத்தான் முதலில் பார்த்தாள்.
லேசர் கட்டியின் மேல் மட்டும், பன்னிரண்டு நிமிடம்.
ஐந்தாம் நாள் அங்கே கருத்த பொருக்கு.
பதினைந்தாம் எலியில் ஒன்றும் நடக்கவில்லை. கட்டி வளர்ந்தது.
இரண்டையும் எழுதிவைத்தேன்.

கிராட்ஸின் மலை மணிக்கூண்டில்
நீண்ட முள் மணியைக் காட்டும், குட்டை முள் நிமிடத்தை.
வெளியூர்க்காரர்கள் தப்பாகவே படிப்பார்கள்.
அவர் மருத்துவச் சீட்டில்
"கெட்ட கொழுப்பு" என்று அச்சடித்திருக்கிறது.

இன்று மாலை ஏழாம் எண்ணில் ஏறி
முன் இருக்கையில் உட்கார்ந்தேன்.
கண்ணாடியில் தலையசைத்தார்.
எந்த எலியைச் சொல்வது என்று யோசித்து
வாயெடுத்தபோது
அவர் தலைக்கு மேலே பலகை:
வண்டி ஓடும்போது ஓட்டுநரிடம் பேசாதீர்.

மருத்துவமனை நிறுத்தம்.
யாரும் ஏறவில்லை, இறங்கவில்லை.
ஆனாலும் நாலு கதவையும் திறந்துவைத்துக்
கொஞ்சம் காத்திருந்தார்.