கழுத்து வேண்டாம்

பிரிமித்திவா லாருத்தா, வயது முப்பத்தொன்பது.
எல் ஆல்தோவிலிருந்து லா பாஸுக்கு இறங்கும் மினிபஸ்ஸில்
கதவோரம் நின்று ஊர்ப்பெயர் கூவுவது வேலை.
இப்போதெல்லாம் மூன்றாம் பெயருக்குள்
மூச்சு தீர்ந்துவிடுகிறதாம்.
உதடு, நாவற்பழம் தின்ற நிறம்.
ரத்தம் ஊசிக்குள் பாகு போல் ஏறுகிறது.

வலப்பக்க இதயத்துக்குப் போக வேண்டும்.
எனக்குப் பழகியது கழுத்துச் சிரை.
நேர்வழி, குறுக்குச் சந்து,
கண்ணை மூடிக்கொண்டே போய்விடுவேன்.
காதுக்குக் கீழே விரல் வைத்ததும்
என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.
"டாக்டர், என் வயிறு
இந்தத் தொண்டையில்தான் இருக்கிறது."
குரல்நாண் வேறு, சிரை வேறு என்று
காகிதத்தில் வரைந்து காட்டினேன்.
தலையாட்டினாள். கையை எடுக்கவில்லை.

தொடையிடுக்கு?
அகலமான பாதைதான்.
முடிந்தபின் காலை நீட்டி
மணிக்கணக்கில் மல்லாந்து கிடக்க வேண்டும்.
இவளோ மூன்று தலையணை அடுக்கி
உட்கார்ந்தபடி உறங்குகிறவள்.

சரி, கை.
எலியோதோரோ வலது புஜத்தில் பட்டையை இறுக்கினான்.
வெளிப்புறச் சிரை முந்திக்கொண்டு புடைத்தது,
பந்தி போடுமுன்னே வந்து உட்காரும் உறவினர் போல.
சபலப்பட்டேன்.
கம்பி தோள்வரை ஓடி
அங்கிருந்த முடக்கில் முரண்டு பிடித்தது.
இரண்டு முறை.
மூன்றாவதில் அவள் "ஸ்ஸ்" என்றாள்,
பயந்த சிரை கம்பியைக் கவ்விக்கொண்டது.
வெந்நீர்த் துணி வைத்துக் காத்திருந்து
மெல்ல உருவினேன்.
பதினோரு வருட அனுபவம்,
முதல் வருடத்துப் பிழை.

உட்புறச் சிரை ஆழத்தில் இருந்தது.
திரையில் இரண்டு கறுப்பு வட்டங்கள்.
கருவியை அழுத்தினேன்.
ஒன்று பணிந்து மூடிக்கொண்டது,
மற்றது மூடாமல் துடித்தது.
பணிந்ததுதான் நமக்கு.

"இப்போது எங்கே?"
"அக்குள்."
"இப்போது?"
"மார்புக்குள் திரும்புகிறது."
அவளுக்குப் பொறுக்கவில்லை, கூவ ஆரம்பித்தாள்:
"சேஹா, சேஹா! பெரேஸ்! பிராதோ!"
மேலறை.
கீழறையில் இரண்டு துடிப்பு தடுக்கி விழுந்தது.
நான்காம் பெயர் வருமுன்
பலூன் ரத்தத்தோடு மிதந்து
நுரையீரல் தமனியில் ஏறியிருந்தது.
எலியோதோரோ முகக்கவசத்துக்குள் சிரித்தான்.
நான் எண்ணைப் பார்த்தேன்.

"எவ்வளவு?"
"நாற்பத்தேழு."
"நாற்பத்தேழில் எங்கள் பக்கம் வண்டியே இல்லையே."
இருபதுக்குள் இருக்க வேண்டியது என்பதை
அறைக்குப் போய்ச் சொல்லலாம் என்று
அப்போது சொல்லவில்லை.

குழாயை எடுத்து, கட்டைவிரலால் அழுத்திக் கட்டு போட்டேன்.
"ஓரிரு நாள் இந்தக் கையால் பளு தூக்காதீர்கள்."
கட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"தூக்குவதில்லை டாக்டர்.
இதனால்தான் கதவைப் பிடித்துத் தொங்குகிறேன்."

தொண்டையைப் பற்றி அவள் சொன்னாள்.
கையைப் பற்றி நான் கேட்கவேயில்லை.