பதினாறு போல்ட்

பிராலியில் வெயில் காலை ஏழுக்கே
தகரக் கூரையில் ஏறி உட்கார்ந்துவிடும்.
கீழே ஓஸ்ட்ராண்டர் கடையில்
ஒன்றன்மேல் ஒன்றாய் ரிம்கள்,
கழுவிக் கவிழ்த்த சட்டிகள் போல.

இரவு ஷிப்ட் முடித்து நேரே வந்திருந்தேன்.
சர்க்கரை ஆலையில் கொதிகலன் பக்கம் எனக்கு வேலை.
நாலு மாத ஓவர்டைம்
சட்டைப்பையில் மடிந்து கிடந்தது,
வேர்வையில் நனைந்து.

"மணலுக்கா, பாறைக்கா?"
வெண்டல் என்னோடு பள்ளியில் படித்தவன்.
கடைக்குள் மட்டும் என்னைத் தெரியாதவன் மாதிரி பேசுவான்.
மணலுக்கு.
"அப்போ இரும்பை மறந்துடு."
இரும்பு வளைந்தால் அடித்து நிமிர்த்தலாமே என்றேன்.
"மணலில் எதில் போய் மோதப் போறே?
சும்மா சுமந்துக்கிட்டு ஏறுவே, அவ்வளவுதான்.
உச்சிக்குப் பத்தடி கீழே
அந்த எடை உன்கிட்ட கணக்குக் கேட்கும்."

அலுமினியத்தை எடுத்து
தர்பூசணியைத் தட்டுவதுபோல் தட்டிப் பார்த்தேன்.
எனக்கு ஒன்றும் புரியவில்லை.
புரிந்ததுபோல் தலையாட்டினேன்.

பின்சக்கரம் அகலம் எட்டு.
மூன்றும் ஐந்தும் என்று எழுதியிருந்தது.
எது உள்ளே, எது வெளியே?
"அது கம்பெனியைப் பொறுத்தது" என்றான்.
ஒருவன் உள்ளேயிருந்து எண்ணுகிறான்,
ஒருவன் வெளியேயிருந்து.
கேட்காமல் வாங்கியவனின் வண்டி
தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்கும்,
பழக்கமில்லாத வீட்டு விருந்தில் நிற்பவன்போல.

பிறகு அந்தப் பூட்டு வளையம்.
டயரின் விளிம்பை ரிம்மோடு சேர்த்துக் கடிக்கும் வளையம்.
சுற்றிலும் பதினாறு போல்ட்.
"எடை கூடும். விலையும் கூடும்.
ஒவ்வொரு தடவையும் இறுக்கிப் பார்க்கணும்.
உனக்கெதுக்கு?"

சூயியை நினைத்துக்கொண்டேன்.
அக்கா புருஷன்.
நாலு பவுண்டுக் காற்றில், பெரிய மேட்டின் சரிவில்
பக்கவாட்டில் திருப்பினான்.
டயர் ரிம்மைவிட்டு
செருப்பு கழல்வதுபோல் கழன்றது.
இருட்டில், வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு
டயரைச் சுற்றிப் பட்டை கட்டி இறுக்கி
காற்றடித்து, நழுவி, மறுபடி காற்றடித்து
மூன்று மணி நேரம்.
அந்த மூன்று மணி நேரத்தில்தான்
எல் சென்ட்ரோ ஆஸ்பத்திரியில்
இட்செல் பிறந்தாள்.
ஆறு வருஷமாகிறது.
உப்பு கூடினாலும் குறைந்தாலும்
மாரிக்ரூஸ் அக்கா அங்கேதான் போய் முடிப்பாள்.

"வளையத்தோடயே குடு" என்றேன்.
போல்ட் எனக்குப் புதிதில்லை.
நீராவிக் குழாய்களின் மூடிகளை
எதிரெதிராய்க் கொஞ்சம் கொஞ்சமாய்
யாருக்கும் மனம் கோணாமல் இறுக்குவதற்குத்தான்
எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.
பணம் பின்சக்கரங்களோடு தீர்ந்தது.
முன்னால் பழைய ரிம்மே,
இடதுபுறம் சின்ன நெளிவோடு.

சனிக்கிழமை சாயங்காலம் குவாட்டை இறக்கினோம்.
துடுப்பு டயர்கள் மணலை வாரி வாரிப்
பின்னால் வந்த சூயியின் முகத்தில் போட்டன.
ஏறினேன். எஞ்சின் பாடியது, பிறகு முனகியது.
உச்சிக்குப் பத்தடி கீழே
எடை கணக்குக் கேட்டது.
என்னிடம் பதில் இல்லை.
அரைவட்டமடித்து, மூச்சை அடக்கி, இறங்கினேன்.
டயர் கழலவில்லை.
சூயி ஒன்றும் சொல்லாமல்
தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

முகாமில் விளக்கடியில் குந்தி எண்ணினேன்.
பதினைந்து.
வயிறு கலங்கியது.
இட்செல் எண்ணினாள்: பதினேழு.
மறுபடி நான்: பதினாறு.
வட்டத்துக்கு வாசல் இல்லையே,
எங்கிருந்து தொடங்கினோம் என்பதை
விரல் மறந்துவிடுகிறது.

அவள் வாயிலிருந்த சூயிங்கம்மை எடுத்து
ஒரு போல்ட்டின் தலையில் ஒட்டினாள்.
ஒன்று, இரண்டு என்று
மண்டியிட்டுச் சுற்றி வந்தாள்.
கடைசியில் நின்று,
என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்:
"சித்தி, ஒட்டினதைச் சேர்த்தா,
சேர்க்காமலா?"