பதினொன்று

துலூத் நகரில் மார்ச் மாதம்.
ஏரியின் பாளம் இன்னும் உடையவில்லை.
கூரை விளிம்புகளில் பனிக்கட்டி அணை கட்டிவிட,
உருகும் நீர் போக வழியின்றி
வீட்டுக்குள் இறங்குகிறது.
எங்களுக்கு அது அறுவடைக் காலம்.

ஹாக்லண்ட் கூரை வேலைகள்:
இரண்டு லாரி, ஐந்து ஆட்கள், தொலைபேசி எடுக்க நான்.
பத்தொன்பது வருடத்தில் ஆயிரத்து நானூறு கூரை.
இணையத்தில் மதிப்புரை பதினொன்று.
அதில் ஒன்று முதலாளியின் மைத்துனி எழுதியது.
இன்னொன்று வேறு ஏதோ ஹாக்லண்டைத் திட்டுகிறது,
பல் மருத்துவராம்.

நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம்
போன வருடம் கடை திறந்த பிரென்னனுக்கு
இருநூற்றுப் பன்னிரண்டு.
தேடுகிறவர் கண்ணில் முதலில் விழுவது அவன்தான்.
எங்களைப் பார்க்க
இரண்டு முறை விரலால் தள்ள வேண்டும்.
தலைமேல் சொட்டும்போது யார் தள்ளுவார்?

வாயுள்ள பிள்ளை பிழைக்கும்.
இந்த ஊரில் அந்தப் பிள்ளை பிறப்பதே அபூர்வம்.
"மோசமில்லை" என்றால் இங்கே மாலை மரியாதை.
"கொஞ்சம் வித்தியாசமாக இருக்கிறது" என்றால்
வசை.

கைகுலுக்கும்போதே கேட்டுவிடுங்கள் என்று
ஓரினிடம் சொல்லி அனுப்பினேன்.
வாசலில் நின்று தொண்டையைச் செருமினாராம்,
"ஏணியை எடுத்துவிட்டோம்" என்றாராம்,
வந்துவிட்டார்.

சரி, நானே குறுஞ்செய்தி அனுப்பினேன்:
வேலை பிடித்திருந்தால் இரண்டு வரி எழுத முடியுமா?
"பிடித்திருந்தால்" கெஞ்சல் போலிருந்தது, அடித்தேன்.
அடித்த பிறகு அதட்டல் போலிருந்தது,
திரும்பப் போட்டேன்.

லோயல் ஸ்வென்ட்சன் மூன்று நட்சத்திரம் தந்தார்.
கூப்பிட்டுக் கேட்டேன், ஏதும் குறையா?
"குறையா? முதல்தரமான வேலை."
அப்படியானால் ஏன் மூன்று?
"அடுத்த கூரைக்கும் கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டாமா?"
அவருக்கு வயது எண்பத்து மூன்று.
போட்ட கூரைக்கு உத்தரவாதம் முப்பது வருடம்.

பேர்ல் நியமியிடம் கணினி கிடையாது.
விலைப்பட்டியலின் முதுகில் பென்சிலால் எழுதி
காசோலையோடு மடித்து அனுப்பியிருந்தாள்:
"உங்கள் ஆட்கள் புல்லில் ஓர் ஆணிகூட விடவில்லை.
காந்தத்தை உருட்டிக்கொண்டு மூன்று தரம் சுற்றினார்கள்.
ஜன்னலில் நின்று பார்த்தேன்.
நாய் வெறுங்காலோடுதானே நடக்கிறது."

சாயங்காலம், எல்லோரும் போன பிறகு,
அவள் பெயரில் கணக்கொன்று திறந்தேன்.
எழுத்துப் பிசகாமல் தட்டிக்கொண்டு போனேன்.
நாய் வரைக்கும் வந்துவிட்டேன்.
சொல் அவளுடையது, பொய்யே இல்லை,
விரல் மட்டும்தான் என்னுடையது.
கள்ள ஓட்டும் இப்படித்தானே தொடங்கும்.
அழித்தேன்.
காகிதம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது,
ஸ்டேப்ளருக்குக் கீழே.

நடுவில் ஒருவன் அழைத்தான்:
முந்நூறு டாலர், ஐம்பது மதிப்புரை,
எல்லாம் ஐந்து நட்சத்திரம், வெள்ளிக்கிழமைக்குள்.
ஓரின் ஒலிவாங்கியை என்னிடமிருந்து வாங்கி
நிதானமாகக் கேட்டார்:
"அந்த ஐம்பது பேருக்கும் வீடு இருக்கிறதா?"
அவன் வைத்துவிட்டான்.

நேற்றிரவு வண்டியை வீட்டுக்குள் திருப்பும்போதுதான் பட்டது.
ஏழு குளிர்காலமாக, நான் கண் விழிக்குமுன்
என் வாசலில் பனியைத் தள்ளி வழி திறக்கிறான் ஒருவன்.
முழுப் பெயரே காசோலை எழுதும்போதுதான் ஞாபகம் வரும்:
டெல்மர் புஷே.
தேடினேன். இருந்தான்.
மதிப்புரை: பூஜ்யம்.

ஊரையெல்லாம் இரண்டு வரி கேட்டவள்
காப்பியோடு உட்கார்ந்தேன்.
"மோசமில்லை" என்று எழுதினேன்.
எழுதியதைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது.
அடித்துவிட்டு,
"ஒரு தடவைகூட அஞ்சல் பெட்டியை இடித்ததில்லை.
அடுத்த வீட்டுப் பக்கம் பனியைக் குவித்ததில்லை.
விளக்கைத் தணித்துக்கொண்டுதான் உள்ளே வருவான்"
என்றேன்.

பிறகு நட்சத்திரங்கள்.
ஒன்று, இரண்டு, மூன்று.
நான்கில் நின்றது விரல்.
நானும் இந்த ஊர்க்காரிதானே.
ஐந்தாவதைத் தொடுவதற்குள்
காப்பி ஆறிவிட்டது.